மேசை கோணல், ஆப்பிள் சரி: செஸான் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில்

உங்கள் கேள்வியை எனக்குப் புரிந்த மாதிரி திருப்பிச் சொல்கிறேன். பிரெஞ்சு ஓவியர் செஸானின் ‘ஆப்பிள் கூடை’ ஓவியத்தை இணையத்தில் பார்த்துவிட்டு, நீங்களும் மூன்று ஆப்பிளையும் ஒரு பாட்டிலையும் மேசையில் வைத்து வரைந்திருக்கிறீர்கள். விவரங்களைக் குறைத்து, வடிவங்களை வட்டமும் உருளையுமாகச் சுருக்கி, டியூபிலிருந்து வரும் நிறத்தை அப்படியே அடர்த்தியாகப் பூசியிருக்கிறீர்கள். வந்தது ஜூஸ் கடை போஸ்டர் மாதிரி இருக்கிறது. ‘வடிவத்தை எளிமையாக்கி நிறத்தைத் தூக்கிக் காட்டுவதுதான் போஸ்ட்-இம்ப்ரஷனிஸம் என்றால் என் படத்தில் என்ன குறை? அவர் மேசையே கோணலாக இருக்கிறதே, அவருக்கு வரையத் தெரியாதா?’ என்று கேட்கிறீர்கள். இரண்டு கேள்வி மாதிரி தெரிந்தாலும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. விவரத்தை எடுத்துவிட்டால், அது செய்துகொண்டிருந்த வேலையை யார் செய்வது?

நான் ஓவியக் கல்லூரியில் படித்தவன், பல வருடங்களாக மாணவர்களுக்கு ஆயில் கலர் சொல்லிக்கொடுப்பவன். கலை வரலாற்று ஆய்வாளன் அல்ல. அதனால் கீழே சொல்வதில் பிரஷ் பிடிக்கிறவனின் பார்வைதான் அதிகம் இருக்கும். சுருக்கமான பதில்: நீங்கள் வடிவத்தையும் நிறத்தையும் ஒரே நேரத்தில் எளிமையாக்கிவிட்டீர்கள். செஸான் எளிமையாக்கியது வடிவத்தை மட்டும். அங்கே மிச்சம் பிடித்ததை எல்லாம் நிறத்தில் செலவழித்தார். அவர் காலத்து இன்னொரு பிரெஞ்சு ஓவியரான கோகன் இரண்டையுமே சுருக்கினார், ஆனால் அதற்கான விலையை வேறு இடத்தில் கொடுத்தார். இந்த இரண்டு பேரையும் ஒரே பெயருக்குக் கீழே படிப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

அந்தப் பெயரே ஓவியர்கள் வைத்துக்கொண்டது அல்ல. 1910 நவம்பரில் லண்டன் கிராஃப்டன் காலரியில் ‘மானேயும் போஸ்ட்-இம்ப்ரஷனிஸ்டுகளும்’ என்று ஒரு கண்காட்சி நடந்தது. அதை ஏற்பாடு செய்த விமர்சகர் ரோஜர் ஃப்ரை, கணநேர வெளிச்சத்தைப் பிடித்து வரைந்த இம்ப்ரஷனிஸ்டுகளுக்குப் பின்னால் வந்தவர்களைக் குறிக்க ஒரு சொல் வேண்டுமே என்று வைத்த பெயர் அது. அப்போது வான்கோ இறந்து இருபது வருடம் ஆகிவிட்டது. செரா 1891இலும், கோகன் 1903இலும், செஸான் 1906இலும் போய்விட்டார்கள். ஆக, அது ஒரு பள்ளியும் அல்ல, கூட்டாக எழுதிய கொள்கையும் அல்ல. ‘போஸ்ட்-இம்ப்ரஷனிஸ்ட் முறையில் ஸ்டில் லைஃப் (மேசையில் அடுக்கிய பொருட்களின் ஓவியம்) வரைவது எப்படி’ என்று தேடினால் இந்த நால்வரின் பழக்கங்களையும் கலந்து ஒரு சமையல் குறிப்பு கிடைக்கும். அதன்படி செய்தால் போஸ்டர்தான் வரும்.

சரி, ஆப்பிளுக்கு வருவோம். பள்ளியில் நமக்குச் சொல்லித்தருவது இப்படி: வட்டம் போடு, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார், அந்தப் பக்கம் வெள்ளை கலந்து வெளுக்க வை, எதிர்ப்பக்கம் கறுப்போ பழுப்போ கலந்து இருட்டாக்கு, கீழே ஒரு நிழல் விழவிடு. ஆப்பிள் உருண்டுவிடும். இது ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் ஓடிய முறை, அதில் தப்பு எதுவும் இல்லை. செஸான் தொடங்கியது வேறு இடத்தில். 1904 ஜூலை 25 அன்று எமில் பெர்னார் என்ற இளைய ஓவியருக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. ஆரஞ்சு, ஆப்பிள், பந்து, மனிதத் தலை எதை எடுத்துக்கொண்டாலும் அதில் ஓர் உச்சப்புள்ளி உண்டு, வெளிச்சமும் நிழலும் என்ன செய்தாலும் நம் கண்ணுக்கு மிக அருகில் இருக்கும் புள்ளி அதுதான் என்று அதில் சொல்கிறார். வெளிச்சம் விழுகிற புள்ளியை அவர் சொல்லவில்லை, கண்ணுக்கு அருகிலிருக்கும் புள்ளியைச் சொல்கிறார். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் அவருடைய ஸ்டில் லைஃப் எல்லாம் திறந்துகொள்ளும். ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அவர் ஆப்பிளுக்கு இரண்டாம்பட்சம். எந்தப் பரப்பு உங்களை நோக்கி வருகிறது, எது விலகிப் போகிறது என்பதே முதல் கேள்வி.

அந்த வருவதையும் போவதையும் அவர் நிறத்தால் சொல்கிறார். உச்சப்புள்ளியில் ஒரு மஞ்சளோ வெளிறிய ஆரஞ்சோ இருக்கும். அதையொட்டி ஆரஞ்சு, பிறகு வெர்மிலியன் என்ற பளிச்சிடும் சூடான சிவப்பு, பிறகு ரோஸ் மாடர் கலந்த, நீலம் சாய்ந்த குளிர்ந்த சிவப்பு, விளிம்பை நெருங்கும்போது ஊதா அல்லது பச்சை, கடைசியில் நீலம். ஒவ்வொன்றும் தனித் தனித் திட்டு. விரலால் தேய்த்து ஒன்றோடொன்று கரைப்பது இல்லை. பழம் உருளும்போது நிறம் படிப்படியாகத் திரும்புகிறது. சங்கீதக்காரர்கள் சுருதி மாற்றுவதற்குச் சொல்லும் சொல்லை ஓவியத்துக்குக் கொண்டுவந்து, ‘மாடலிங் (ஒளி-நிழலால் உருட்டுவது) என்று சொல்லக்கூடாது, மாடுலேஷன் என்று சொல்ல வேண்டும்’ என்று அவர் கூறியதாக பெர்னார் பதிவு செய்திருக்கிறார். அவர் ஆப்பிளைச் சுற்றி ஓடும் நீலக் கோட்டுக்கும் அதே 1904இல், ஏப்ரல் 15 கடிதத்தில் ஒரு விளக்கம் கிடைக்கிறது. இயற்கை நமக்குப் பரப்பாக இருப்பதைவிட ஆழமாகத்தான் இருக்கிறது, ஆகவே சிவப்பும் மஞ்சளுமாகத் துடிக்கும் வெளிச்சத்துக்குள் காற்று இருப்பதை உணர்த்தும் அளவுக்கு நீலத்தைச் சேர்த்தாக வேண்டும் என்பது அவர் கருத்து. அதாவது அந்த நீலம் நாம் போடும் அவுட்லைன் அல்ல. பழத்துக்குப் பின்னால் இருக்கும் காற்று முன்னால் வந்து எட்டிப் பார்க்கிற இடம். அதனால்தான் அது ஒரே கோடாக இல்லாமல் விட்டு விட்டு, இரண்டு மூன்று முறை தள்ளித் தள்ளிப் போட்டதாக இருக்கிறது. நீங்கள் ஆப்பிளைச் சுற்றி ஒரே தடிமனில் கறுப்புக்கோடு இழுத்ததாகச் சொன்னீர்கள். கதவைச் சாத்திவிட்டீர்கள், அவ்வளவுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘செஸான் ஒளி-நிழலைத் தூக்கியெறிந்துவிட்டு நிறத்தால் மட்டுமே உருட்டினார்’ என்று புத்தகங்களில் வரும். அது அப்படியே உண்மை அல்ல. அவர் ஓவியத்தைப் போனில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். ஆப்பிள் ஓரளவு உருண்டையாகத்தான் தெரியும். காரணம் எளிது. மஞ்சள் இயல்பிலேயே வெளிச்சமான நிறம், ஊதாவும் நீலமும் இயல்பிலேயே இருண்டவை. மஞ்சளிலிருந்து சிவப்பு வழியாக நீலத்துக்குப் போகும் வரிசையில் இருட்டும் இலவசமாகக் கூடவே வந்துவிடுகிறது. அவர் கெட்டிக்காரத்தனம் என்று நான் நினைப்பது இதைத்தான்: தனியாக ஓர் இருட்டு வர்ணம் கலக்காமல், நிறத்தின் வரிசைக்குள்ளேயே ஒளி-நிழலை ஒளித்து வைத்தார். ‘சூடான நிறம் முன்னே வரும், குளிர்ந்த நிறம் பின்னே போகும்’ என்ற விதியையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். மங்கலான சிவப்பு பக்கத்தில் தெளிவான நீலத்தை வைத்தால் நீலம்தான் முன்னே பாயும். நிறத்தின் சூட்டைவிட அதன் தெளிவும், பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதும் பல சமயம் பெரிதாக வேலை செய்கின்றன.

அவருடைய பேலட்டை, அதாவது வர்ணம் கலக்கும் பலகையைப் பார்த்தாலே நீங்கள் எங்கே சிக்கினீர்கள் என்பது விளங்கும். 1904இல் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸில் அவரைப் போய்ச் சந்தித்த பெர்னார், பேலட்டில் இருந்த வர்ணங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார். மஞ்சளில் நேபிள்ஸ் மஞ்சள், குரோம் மஞ்சள், மஞ்சள் ஆகர் உள்ளிட்ட ஐந்து. சிவப்பில் வெர்மிலியன், சிவப்பு ஆகர், எரித்த சியன்னா, ரோஸ் மாடர், கார்மைன் உள்ளிட்ட ஆறு. பச்சையில் எமரால்டு, விரிடியன், பச்சை மண். நீலத்தில் கோபால்ட், அல்ட்ரமரீன், ப்ரஷ்யன். கூடவே ஒரு கறுப்பு. ஒரு சிவப்பு ஆப்பிளை வரைய உட்காரும் மனிதர் சிவப்பிலேயே ஆறு படிகளைக் கையில் வைத்திருக்கிறார். நீங்கள் ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை, ஒரு கறுப்பை வைத்துக்கொண்டு அதே ஆப்பிளுக்குப் போனீர்கள். டப்பாவில் இருந்தது அவ்வளவுதான் என்றால் தப்பு உங்களுடையது இல்லை, ஆனால் விளைவு போஸ்டர்தான்.

இனி பக்கத்து வீட்டுச் சமாச்சாரம். ஒரு நிறம் எப்படித் தெரிகிறது என்பதை அதன் அண்டை நிறம் பாதி தீர்மானிக்கிறது. பாரிஸின் கோப்லான் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பட்டறையை நடத்திய வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரல் இதை 1839இல் ஒரு பெரிய புத்தகமாக எழுதினார். கறுப்பு நூல் சாயம் வெளிறியிருக்கிறது என்று புகார் வந்தபோது, சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் ஓடும் நீல நூல்தான் அதை மங்கவைக்கிறது என்று கண்டுபிடித்தார். காஞ்சிபுரத்து நெசவாளர் மாம்பழ மஞ்சள் உடலுக்கு எந்த பார்டர் போட வேண்டும் என்று யோசிப்பதும் இதே கணக்குதான். அடுத்த தலைமுறை ஓவியர்கள் இந்தக் கணக்கை மேசைமேல் இறக்கினார்கள். செஸான் ஒரு ஸ்டில் லைஃபை அடுக்கி வைப்பதை லூயி ல பேய் என்ற இளம் ஓவியர் பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார். துணியை லேசாகக் கசக்கி விரித்தார், பழங்களைச் சிவப்புக்கு எதிரே பச்சை, நீலத்துக்கு எதிரே மஞ்சள் என்று நிறம் நிறத்தோடு மோதும்படி வைத்தார், சாய்க்கவும் நிமிர்த்தவும் பழங்களுக்கு அடியில் காசுகளைச் செருகினார் என்கிறார். ஆக, ஓவியத்தின் பாதி பிரஷ் எடுக்கும் முன்பே மேசையில் நடந்துவிட்டது. எத்தனை பேர் இதைச் செய்கிறோம்? பெரும்பாலும் பிரிட்ஜில் இருந்ததை எடுத்து வைத்து வரைய ஆரம்பித்துவிடுகிறோம்.

அடுக்கி முடித்து அவர் வரைந்த வேகமும் வேறு. ஓவிய வியாபாரி அம்புரூவாஸ் வொலார் 1899இல் தன் உருவப்படத்துக்காக 115 முறை உட்கார்ந்ததாக எழுதியிருக்கிறார். அசைந்தால், ‘ஆப்பிள் மாதிரி உட்கார், ஆப்பிள் அசையுமா?’ என்று திட்டு விழுமாம். வொலார் கதையைக் கொஞ்சம் மெருகேற்றிச் சொல்கிற ஆள், எண்ணிக்கையை அப்படியே நம்பிவிட வேண்டாம். ஆனாலும் மெதுவாக வரைந்தார் என்பதில் சந்தேகம் இல்லை. பூ வாடிவிடும் என்று காகிதப் பூ வைத்து வரைந்தார். ஆப்பிளை அவர் விரும்பியதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் இங்கே தெரிகிறது: சீக்கிரம் அழுகாது, ஒரே தோலில் பச்சையிலிருந்து சிவப்பு வரை இயல்பாகவே ஓடும். பள்ளிக்கூடத்தில், பின்னாளில் நாவலாசிரியரான நண்பன் எமில் ஸோலாவுக்காக அடி வாங்கியதற்கு ஸோலா ஒரு கூடை ஆப்பிள் கொடுத்தார் என்ற கதையை வைத்தும், அடக்கிய காமத்தின் இடமாற்றம்தான் அந்த ஆப்பிள் என்றும் விளக்கங்கள் உண்டு. இரண்டாவதை மேயர் ஷபீரோ என்ற பெரிய அறிஞர் 1968இல் வாதிட்டார். சுவையாக இருக்கும், படித்துப் பாருங்கள். அடுத்த பிரஷ் அடியை எங்கே வைப்பது என்பதற்கு அதில் உதவி கிடைக்காது.

இப்போது கோணல் மேசை. நீங்கள் பார்த்த ‘ஆப்பிள் கூடை’ 1893 வாக்கில் வரைந்தது, சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கிறது. மேசையின் முன்விளிம்பு வெள்ளைத் துணிக்கு இந்தப் பக்கம் ஒரு உயரத்திலும் அந்தப் பக்கம் வேறொரு உயரத்திலும் இருக்கிறது. துணிக்கு அடியில் நேராக ஓடவிட்டால் இரண்டும் சேராது. பாட்டில் சாய்ந்திருக்கிறது. தட்டில் அடுக்கிய பிஸ்கட்டுகளில் கீழே உள்ளவை பக்கவாட்டில் தெரிகின்றன, மேலே உள்ளவை நம்மை நோக்கிக் கவிழ்கின்றன. லண்டன் கோர்ட்டால்ட் காலரியில் இருக்கும் ‘பிளாஸ்டர் க்யூபிட்’ ஸ்டில் லைஃபில் இன்னும் துணிச்சல்: அறையின் தூர மூலையில் தரையில் கிடக்கும் பச்சை ஆப்பிள், மேசைமேல் கண்முன்னே இருக்கும் ஆப்பிள்கள் அளவுக்கே பெரிதாக இருக்கிறது. தரையே எழுந்து நிற்கிறது. இதுவரை படத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய விஷயம், சர்ச்சை இல்லை.

ஏன் அப்படி என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. அவர் காலத்திலேயே எழுத்தாளர் உய்ஸ்மான், இது கண் நோய் பிடித்த ஓவியர் என்கிற தொனியில் எழுதினார். இருபதாம் நூற்றாண்டில், ஒரே படத்தில் பல பார்வைக் கோணங்களைச் சேர்த்தார் என்ற விளக்கம் பிரபலமானது. எர்ல் லோரன் 1943இல் அம்புக்குறி போட்ட வரைபடங்களோடு அதை விளக்கினார். 1945இல் தத்துவவாதி மெர்லோ-போன்டி, கேமரா பார்ப்பதை அல்ல, வாழும் கண் பார்ப்பதை அவர் வரைந்தார் என்றார். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, வரைகிறவர்களிடம் நான் அதிகம் கேட்டது அதுதான்: அவர் படத்தை முன்கூட்டியே தூரம் போகப் போகப் பொருள் சிறிதாகும் பெர்ஸ்பெக்டிவ் கட்டத்துக்குள் போடவில்லை. ஒரு திட்டை வைத்து, அதற்குப் பொருந்த அடுத்த திட்டை வைத்து, துண்டு துண்டாக நகர்ந்தார். துணியின் இடதுபுறம் வேலை செய்தபோது அங்கிருந்த ஆப்பிளுக்கு ஏற்ற விளிம்பு வந்தது, வலதுபுறம் போனபோது அங்கே தேவைப்பட்டது வந்தது. இரண்டையும் சமன் செய்ய அவர் மறுத்தார். எனக்கு இந்தக் கடைசி விளக்கமே அதிகம் ஒப்புகிறது, ஏனென்றால் அது அவருடைய நிறம் வைக்கும் முறையோடு சேர்ந்து போகிறது. இது என் சாய்வு, நிரூபணம் இல்லை. வரையத் தெரியாதா என்றால், தெரியும். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து பழைய ஓவியங்களையும் சிற்பங்களையும் பென்சிலால் நகலெடுப்பதை அவர் கடைசிவரை விடவில்லை. ஆனால் தனக்குக் கை சொன்னபடி கேட்கவில்லை என்று அவரே கடிதங்களில் புலம்பியதும் உண்மை. மேதை எல்லாவற்றையும் திட்டமிட்டே செய்தார் என்று நாம் கற்பனை செய்துகொள்ளத் தேவையில்லை.

வட்டம், உருளை என்று சுருக்கினேன் என்கிறீர்கள். அது எந்த வாக்கியத்திலிருந்து உங்களுக்கு வந்தது என்று தெரிகிறது. உருளை, கோளம், கூம்பு இவற்றைக் கொண்டு இயற்கையை அணுகு என்பது அதே ஏப்ரல் 15 கடிதத்தில் இருக்கிறது. கனசதுரம் அதில் கிடையாது. 1907இல், அவர் இறந்த மறுவருடம், பாரிஸில் பெரிய நினைவுக் கண்காட்சி நடந்த சமயத்தில் பெர்னார் இந்தக் கடிதங்களைப் பத்திரிகையில் வெளியிட்டார். இளைஞர்கள் பிடித்துக்கொண்டார்கள், பிறகு பொருட்களை வடிவத் துண்டுகளாக உடைத்துக் காட்டிய க்யூபிஸத்தின் வேதவாக்கியமாகவே ஆகிவிட்டது. ஆனால் கவனியுங்கள், அவர் சொன்ன மூன்றுமே வளைந்த பரப்புகள், உங்களை நோக்கி வந்து விலகிப்போகும் பரப்புகள். ஆப்பிளைக் கோளமாகப் பார் என்றால், விளிம்பில் நிறம் திரும்பும் இடத்தைத் தேடு என்று பொருள் கொள்ளலாம். காம்பஸ் வைத்து வட்டம் போடு என்று கொள்ள முடியாது. அவர் ஆப்பிளில் ஒன்றுகூடச் சரியான வட்டம் இல்லை, தட்டின் வாய் ஒன்றுகூடச் சரியான நீள்வட்டம் இல்லை. இன்னொன்று, ‘ஓர் ஆப்பிளால் பாரிஸை வியக்க வைப்பேன்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வாக்கியம் விமர்சகர் குஸ்தாவ் ஜெஃப்ருவா பின்னாளில் நினைவுகூர்ந்தது. கடிதத்தில் அவர் கையால் எழுதியதற்கும், அவர் சொன்னதாகப் பிறர் எழுதியதற்கும் வித்தியாசம் வைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் படம் எதன் பக்கம் போயிருக்கிறது என்று பார்த்தால், அது செஸான் அல்ல, கோகன். கோகனிடம் செஸானின் ஸ்டில் லைஃப் ஒன்று சொந்தமாகவே இருந்தது. 1879-80 வாக்கில் வரைந்த, பழத்தட்டு, கண்ணாடி டம்ளர், ஆப்பிள்கள் உள்ள படம், இப்போது நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமான மோமாவில் இருக்கிறது. 1890இல் ஒரு பெண்ணின் உருவப்படத்துக்குப் பின்னணியாக அதை அப்படியே வரைந்து வைத்தார் கோகன். அவ்வளவு பக்தி. ஆனால் தன் ஸ்டில் லைஃபில் அவர் செய்தது கிட்டத்தட்ட எதிர்த்திசை. 1888இல் பிரான்ஸின் பிரிட்டனி பகுதியில் வரைந்த ‘மூன்று நாய்க்குட்டிகள்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேசை நம்மை நோக்கிச் செங்குத்தாகத் தூக்கி நிற்கிறது. மேலே மூன்று குட்டிகள் பாத்திரத்தில் வாய் வைத்துக் குடிக்கின்றன, நடுவே மூன்று நீலக் கோப்பைகள் சாய்வு வரிசையில், கீழே பழங்கள். நாய்க்குட்டியும் கோப்பையும் அளவில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவே இல்லை. குட்டிகளைச் சுற்றித் தடித்த நீலக்கோடு, உள்ளே தட்டையான நிறம், உடம்பில் இருக்கும் திட்டுகள் மேசை விரிப்பின் பூ டிசைனைப் போலவே இருக்கின்றன. ஜப்பானிய மரஅச்சுப் படங்களைப் பார்த்துப் பழகிய கண். இங்கே நிறம் பழத்தை உருட்டுவதற்கு இல்லை. படப்பரப்பைப் பங்கு போடுவதற்கு. ஒரு படம் என்பது போர்க்குதிரையாகவோ நிர்வாணப் பெண்ணாகவோ ஆவதற்கு முன், குறிப்பிட்ட ஒழுங்கில் நிறங்கள் பூசிய ஒரு தட்டையான பரப்பு என்று ஓவியர் மொரிஸ் தெனி 1890இல், பத்தொன்பது வயதில், எழுதினாரே, அதன் விதை இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது.

அப்படியானால் தட்டையாக வரைந்தது போஸ்டர் ஆகாமல் எப்படித் தப்பித்தது? வடிவத்துக்கு உள்ளே செய்யாத வேலையை வடிவங்களுக்கு இடையே செய்தார். மூன்று, மூன்று, மூன்று என்ற எண்ணிக்கை, குட்டியின் தோலும் துணியும் ஒன்றையொன்று நகலெடுப்பது, கோப்பைகளுக்கு நடுவே விழும் காலி இடத்தின் வடிவம், இதெல்லாம்தான் அந்தப் படத்தின் உழைப்பு. உங்கள் படத்தில் மூன்று ஆப்பிளும் நடுவில் நிற்கின்றன, சுற்றியிருக்கும் இடம் மிச்சம் விழுந்த இடமாக இருக்கிறது. தட்டை நிறம் போடுகிறவருக்கு மிச்சம் என்று ஒரு அங்குலம்கூட இருக்கக்கூடாது. செஸானுக்குக் கோகனின் வழி பிடிக்கவில்லை. அவர் ஓவியரே அல்ல, சீனப் படம் போடுகிறவர் என்றும், உருட்டலும் படிப்படியான மாற்றமும் இல்லாத ஓவியத்தை ஒருநாளும் ஏற்கமாட்டேன் என்றும் சொன்னதாக பெர்னார் எழுதுகிறார். ஆனால் இதைப் பதிவு செய்த பெர்னாருக்கு, தட்டை நிறமும் தடித்த கோடும் தன்னுடைய கண்டுபிடிப்பு, அதைக் கோகன் தட்டிக்கொண்டு போய்விட்டார் என்ற தீராத மனக்கசப்பு இருந்தது. அதனால் வார்த்தைகளில் எவ்வளவு செஸான், எவ்வளவு பெர்னார் என்று பிரிப்பது கடினம். கருத்து மட்டும் செஸானின் படங்களோடு ஒத்துப்போகிறது.

வான்கோவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் நிறம் என்று வந்தால் அவரைத் தாண்ட முடியாது. 1888 ஆகஸ்டில் ஆர்ல் நகரில், வரப்போகும் கோகனின் அறையை அலங்கரிக்க வரைந்த சூரியகாந்திகளில், லண்டன் நேஷனல் காலரியில் இருப்பது மஞ்சள் சுவர் முன்னால், மஞ்சள் மேசைமேல், மஞ்சள் ஜாடியில், மஞ்சள் பூ. எதிர்நிறத்தின் மோதல் இல்லாமல் ஒரே நிறத்தின் படிகளால் மட்டும் ஒரு படத்தை நிறுத்தமுடியுமா என்று பார்த்திருக்கிறார். ஜாடி வெறும் இரண்டு பட்டை, மேசை ஒரு கோடு. வடிவம் அவ்வளவு எளிமை. உழைப்பு எல்லாம் வர்ணத்தின் தடிப்பில் இருக்கிறது: இதழ் இருக்கும் திசையிலேயே பிரஷ் ஓடுகிறது, விதைப்பகுதி குத்திக் குத்தி மேடாக எழும்பியிருக்கிறது. போட்டோவில் இது பாதிதான் தெரியும்.

நாம் பார்க்கும் நிறம் அவர் பூசிய நிறம்தானா என்ற சிக்கலும் வான்கோவிடம்தான் அதிகம். அவர் பயன்படுத்திய குரோம் மஞ்சளில் சில வகைகள் வெளிச்சம் பட்டால் பழுப்பாகின்றன. சில சிவப்புச் சாயங்கள் மங்கிப் போகின்றன. 1890 மே மாதம் மனநல விடுதியை விட்டுக் கிளம்பும் முன் வரைந்த ஐரிஸ் பூக்கள் இரண்டில், ஒன்றை ரோஸ் பின்னணியில் இதமாகவும் இன்னொன்றை எலுமிச்சை மஞ்சளுக்கு எதிரே ஊதாவாகவும் வைத்ததாகத் தம்பிக்கு எழுதினார். இன்று மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கும் முதல் படத்தின் பின்னணி ஏறக்குறைய வெள்ளை. ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் இரண்டாவதில் ஊதாவின் சிவப்பு போய், பூக்கள் நீலமாக நிற்கின்றன. ஊதா-மஞ்சள் என்ற சரியான எதிர்நிற ஜோடி நீலம்-மஞ்சளாகிவிட்டது. இதை முன்கூட்டியே அறியாதவரும் அல்ல. இந்தப் புது நிறங்கள் நிலைக்காதவை, அதனாலேயே துணிந்து முரட்டுத்தனமாகப் பூசவேண்டும், காலம் எப்படியும் மட்டுப்படுத்திவிடும் என்ற அர்த்தத்தில் 1888 ஏப்ரலிலேயே எழுதியிருக்கிறார். ஆகவே அருங்காட்சியகப் படத்தை வைத்து, இந்த நிறத்துக்குப் பக்கத்தில் இந்த நிறம் என்று மனப்பாடம் செய்யாதீர்கள். போன் திரையின் பிரகாசம் வேறு அதன் மேல் ஒரு பொய் சொல்லும்.

உங்கள் படத்தை எப்படித் திருத்துவது? திருத்த வேண்டாம், புதிதாகத் தொடங்குங்கள். ஒரே ஒரு ஆப்பிள், முடிந்தால் பாதி பச்சை பாதி சிவப்பாக இருக்கும் சிம்லா ஆப்பிள், வெள்ளைத் துணி. கறுப்பை டப்பாவிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். மஞ்சளில் எலுமிச்சை மஞ்சளும் ஆகரும், சிவப்பில் சூடான ஒன்றும் கிரிம்சன் போலக் குளிர்ந்த ஒன்றும், விரிடியன், அல்ட்ரமரீன், வெள்ளை. இவ்வளவு போதும். முதலில் கண்ணுக்கு மிக அருகில் இருக்கும் இடம் எது என்று கண்டுபிடித்து அங்கே ஒரு திட்டு வையுங்கள். பிறகு அதையொட்டி ஒவ்வொரு திட்டும் முந்தையதைவிட நிறத்தில் மாற வேண்டும், வெறுமனே இருட்டினால் போதாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். அவுட்லைன் போடாதீர்கள். ஆப்பிளில் இரண்டு திட்டு வைத்தால் துணியிலும் இரண்டு வையுங்கள், ஏனென்றால் துணி மாறினால் ஆப்பிள் மாறும். வெள்ளைத் துணியில் வெள்ளையை நேராகப் பூச வேண்டாம், அதில் நீலமும் பச்சையும் லேசான ரோஸும் இருப்பதை ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்தால் தெரிந்துகொள்வீர்கள். அடுத்து என்ன நிறம் என்று தெரியவில்லை என்றால் அந்த இடத்தைக் கேன்வாஸாகவே விட்டுவிடுங்கள். செஸானும் விட்டிருக்கிறார், பல படங்களில் வெறும் கேன்வாஸ் தெரிகிறது. முடிந்தபின் கறுப்பு வெள்ளையில் படமெடுத்துப் பாருங்கள். உருண்டை மொத்தமாக மறைந்துபோனால் உங்கள் நிறங்கள் எல்லாம் ஒரே வெளிச்ச அளவில் இருக்கின்றன என்று பொருள். ஷேடிங் பயிற்சிப் படம் மாதிரியே தெரிந்தால், பழைய பழக்கத்தில் இருட்டைக் கலந்துவிட்டீர்கள் என்று பொருள்.

எதை நகலெடுக்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். ‘ஆப்பிள் கூடை’ வேண்டாம். அதில் கோணல்தான் கண்ணில் படும், கையும் கோணலைத்தான் கற்றுக்கொள்ளும். கோகன் வைத்திருந்த அந்த மோமா படத்தை எடுங்கள். சிறிய படம், பிரஷ் அடிகள் பெரும்பாலும் ஒரே சாய்வில் வரிசையாகப் போகின்றன, ஒவ்வொரு திட்டும் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். படம் முழுவதையும் நகலெடுக்காமல் ஓர் ஆப்பிளையும் அதைத் தொடும் துணியையும் மட்டும் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கி வரையுங்கள். கோகனின் நாய்க்குட்டிகளைக் குறைந்தது இரண்டு மூன்று மாதம் தள்ளி எடுத்துக்கொள்ளுங்கள், அப்போது வர்ணத்தைத் தொடாமல் கத்தரித்த கலர் பேப்பரால் செய்து பாருங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்தால் மறுபடி ஜூஸ் கடை போஸ்டருக்கே வந்து நிற்பீர்கள்.